உளுந்தங்களி தின்ற ஓட்டக்காரி

1

நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சாக்ஸை மாட்டினேன். வலது கால் பெருவிரல் நகம் கழன்று கையோடு வந்துவிட்டது. வலியே இல்லை. ஐந்து மாதமாகக் கறுத்துப்போய், போவதா இருப்பதா என்று தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்த நகம் அது. அடியில் புது நகம் மெல்லிசாக முளைத்திருக்கிறது. மாரத்தான் ஓடியவர்களுக்கு இது சகஜம் என்கிறார்கள். ஷூவின் முனையில் விரல் மோதி மோதி ரத்தம் கட்டி, மாதக்கணக்கில் மெதுவாக விழுமாம்.

"ஐயே, குப்பையில போடும்மா," என்று என் மகள் நிவி ஆங்கிலத்தில் சொன்னாள். அவளுக்குப் பதினைந்து வயது. இந்த ஊர்ப் பிள்ளைகள் பேசுகிற மாதிரியே ராகம் போட்டுப் பேசுவாள். நான் குப்பையில் போடவில்லை. நகம் வீட்டுக்குள் கிடந்தால் வீடு விளங்காது என்று கேட்டு வளர்ந்த புத்தி. கொல்லைப் பக்கம் போய், தூறலில் நின்று, வேலியோரம் எறிந்துவிட்டு வந்தேன். பஸ் போய்விட்டது.

நான் திருப்புலிவனத்துக்காரி. பெயர் ஸ்டெல்லா. அயர்லாந்தின் தெற்கே ஒரு சிறிய ஊரில், முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். அதற்கு முன்னால் வளைகுடாவில் எட்டு வருஷம், இங்கே வந்து ஒன்பது வருஷம். என் கணவரும் நிவியும் இந்த நாட்டுக் குடிமக்களாகிவிட்டார்கள். நான் ஆகவில்லை. குடியுரிமை வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அம்மா இருக்கிற வரைக்கும் அதைக் கொடுக்க எனக்குக் கை வராது. அதனால் விமான நிலையத்தில் அவர்கள் இருவரும் ஒரு வரிசையில் போவார்கள், நான் வேறு வரிசையில் நிற்பேன். அவர்கள் வரிசை கடகடவென்று நகரும். நிவி அந்தப் பக்கம் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள், அப்புறம் செல்போனைப் பார்ப்பாள்.

என்னிடம் இருப்பது ஓர் அட்டை. நம் ஊர் ரேஷன் ஸ்மார்ட் கார்டு அளவுதான் இருக்கும். நீ இங்கே வசிக்கலாம், வெளியே போனால் திரும்பி வரலாம் என்று அது சொல்லும். அதைக் குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன் என் அப்பா செத்தபோது அந்த அட்டை காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். போகலாம், ஆனால் திரும்பி வர முடியுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நிவிக்கு அப்போது ஒன்பது வயது. நான் போகவில்லை. மருந்து அறையில் நின்றுகொண்டு, செல்போனில் என் அப்பாவைக் குழிக்குள் இறக்குவதைப் பார்த்தேன். நடுவில் இரண்டு தடவை நெட்வொர்க் விட்டுப்போனது.

2

நான் ஓட ஆரம்பித்த காரணம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இந்த வீட்டில் அழுவதற்கு இடமில்லை. மரச்சுவர் வீடு. பாத்ரூமில் மூக்கைச் சிந்தினால் ஹாலில் "என்ன ஆச்சு?" என்பார்கள். என் கணவர் நல்ல மனிதர், கேட்காமல் இருக்கமாட்டார். அதுதான் கஷ்டம். வேலை இடத்தில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஏழாம் அறைக் கிழவி என்னைத் தன் மகள் என்று நினைத்துக்கொண்டு கையைப் பிடித்தால் விடமாட்டாள். வேறொருத்தியின் அம்மாவுக்கு மகளாக நின்றுகொண்டு, என் அம்மாவின் மிஸ்டு காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பா செத்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரம் நடக்கப் போனவள் ஓடினேன். செல்போன் இல்லை, பர்ஸ் இல்லை, அட்டை இல்லை. வீட்டுச் சாவி மட்டும். யாராலும் என்னைக் கூப்பிட முடியாத அரை மணி நேரம். அது பிடித்துப்போனது. அரை மணி ஒரு மணி ஆகி, ஒரு மணி மூன்று மணி ஆனது. பக்கத்தில் உள்ள பெரிய ஊரில் போன அக்டோபர் கடைசியில் மாரத்தான் வைத்தார்கள், பெயர் கொடுத்தேன். நாற்பத்து நாலு வயதுக்காரிக்கு ஏன் இந்த வேலை என்று யாரும் கேட்கவில்லை. இந்த நாட்டில் அப்படிக் கேட்கமாட்டார்கள். அது ஒரு சௌகரியம், அதுவே ஒரு குறையும்தான்.

முப்பதாவது கிலோமீட்டர் வரைக்கும் சுகம். அதற்கப்புறம் உடம்பு என்னுடையதாக இல்லை. முப்பத்தேழில் இடது பாதத்தில் சுருக்கென்று ஏதோ ஆனது. ஆணி ஏறியது என்றே நினைத்தேன். தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பெண் என் முகத்தைப் பார்த்துப் பயந்து, "நலமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பதினேழு வருஷம் வெளிநாட்டில் ஆங்கிலத்தில் பிழைத்தவள், ஒரு வார்த்தை வரவில்லை. "தோ கீறேன்," என்று ஊர்ப் பேச்சில் சொன்னேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, முதுகில் தட்டி அனுப்பினாள். ஐந்து மணி பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்தேன். கழுத்தில் மெடலைப் போட்டு, மேலே வெள்ளித்தாள் மாதிரி ஒரு போர்வையைச் சுற்றிவிட்டார்கள். புல்தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அங்கே எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள், அதனால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

3

மூன்று நாள் கழித்து ஊருக்கு விமானம். அப்பாவின் கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்றப் போகவேண்டும் என்று முன்பே லீவு வாங்கியிருந்தேன், மூன்று வாரம். கணவருக்கு லீவு இல்லை. நிவிக்குப் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் இல்லாவிட்டாலும் வந்திருக்கமாட்டாள், அது வேறு விஷயம்.

ஓடி முடித்த மறுநாளே அம்மாவிடம் போனில் சொல்லியிருந்தேன்.

"நாப்பத்திரண்டு கிலோமீட்டரா? உத்திரமேரூர்ல இருந்து காஞ்சிபுரம் போயி, திரும்பிப் பாதி வய்யி வர்ற தூரம்டீ. ஏன், அன்னிக்கு அங்க பஸ்ஸு ஓடலியா?"

"எல்லாரும் ஓடுவாங்கம்மா. பந்தயம் மாதிரி."

"நீ மொதல்ல வந்தியா?"

"இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு ஓடுன?"

அவளே ஒரு பதில் கண்டுபிடித்தாள். எங்கள் காலனியிலிருந்து வருஷாவருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறவர்கள் உண்டு. காவித்துணி கட்டிக்கொண்டு, கொப்புளம் வெடித்த காலோடு நடப்பார்கள். சும்மா யாராவது அவ்வளவு தூரம் போவார்களா? "வேண்டுதலா? யாருக்கு வேண்டிக்கினு ஓடுன?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உனக்குத்தான்," என்றேன். வாயில் வந்த பொய் அது, சொல்லிவிட்டால் பேச்சு முடியுமே என்று. முடியவில்லை. நான் போய் இறங்குவதற்குள் காலனி முழுக்கத் தெரிந்துவிட்டது. அம்மா ஆரோக்கியத்தின் முட்டிவலிக்காக ஸ்டெல்லா வெளிநாட்டில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடியிருக்கிறாள். காரிலிருந்து நொண்டிக்கொண்டு இறங்கினேன். பக்கத்து வீட்டு செல்வி அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குக் கூசியது.

மறுநாள் பாதம் பூரியாக உப்பிவிட்டது. காஞ்சிபுரத்தில் எக்ஸ்ரே எடுத்தோம். பாத எலும்பில் முடி அளவுக்கு ஒரு விரிசல். மாவுக்கட்டு வேண்டாம், இறுக்கிக் கட்டு, மூன்று வாரம் காலை ஊன்றாதே என்று டாக்டர் சொன்னார். என் லீவே மூன்று வாரம்தான்.

4

மாரத்தான் ஓடியவர்கள் எப்படித் தேறவேண்டும் என்று நிறையப் படித்திருந்தேன். மெல்ல நடக்கவேண்டும், ஐஸ் வைக்கவேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும். அம்மா ஒன்றும் படித்திருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பத்தியம், பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிறது. உடம்பு கிழிந்து வந்திருக்கிறாள், அவ்வளவுதானே. நொச்சித்தழை போட்டுக் காய்ச்சிய வெந்நீரை இடுப்பில் ஊற்றினாள். வயிற்றைப் பழைய புடவைக் கிழிசலால் இறுக்கிக் கட்டினாள். "எனக்கு கால்ல தான்மா," என்றால், "காலு எதுல கீது? இடுப்புல தானே கீது," என்றாள். பூண்டுக் குழம்பு, சுட்ட கருவாடு, பிரண்டைத் துவையல். தண்ணீர் அதிகம் குடித்தால் நீர் கோத்துக்கொள்ளுமாம், அளந்துதான் கொடுத்தாள். ஐஸ் என்ற வார்த்தையையே எடுக்கக்கூடாது.

வெளியே ஐப்பசி மழை விடாமல் அடித்தது. அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு எங்களுடையது. ஒரு ஹால், ஓர் உள் அறை. உள் அறையில் என்னைப் போட்டு ஜன்னலையும் சாத்தினாள், ஈரக்காற்று ஆகாது என்று. தம்பி ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை, ஞாயிறு மட்டும் தலை காட்டுவான். மற்ற நாளெல்லாம் அந்த அறை, அந்த டியூப்லைட், நான். வாசலைக் குறுக்கே அடைத்து அம்மா பாய் போட்டுப் படுத்துக்கொள்வாள், தெரியாமல் எழுந்து போய்ப் பாசியில் வழுக்கிவிடுவேனாம். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடியவள் கொல்லைக்குப் போக ஆள் துணை கேட்டேன்.

நாலாம் நாள் காலை நாஷ்டாவுக்குப் பதிலாக உளுந்தங்களி வந்தது. நடுவில் குழி, குழி நிறைய நல்லெண்ணெய், ஓரத்தில் வெல்லம். "எலும்புக்கு நல்லது, ஒயுங்கா துன்னு," என்றாள். அந்த வாசனை வந்ததும் தட்டைத் தள்ளி வைத்தேன்.

கடைசியாக அதை அப்படிக் குழி போட்டுத் தின்றது பதின்மூன்று வயதில். எட்டாம் வகுப்பு. எண்ணூறு மீட்டரில் பள்ளிக்கூடத்திலேயே நான்தான் முதல். உத்திரமேரூரில் வட்டாரப் போட்டி, என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். டீச்சர் தன் மகளின் ஷூவை எனக்குக் கொடுத்திருந்தார். போட்டி அன்று விடிகாலை நான் வயதுக்கு வந்தேன். மாமா பச்சை ஓலையில் குடிசை கட்டினார். உள்ளே உட்காரவைத்து, வாசலில் குறுக்கே உலக்கையைப் போட்டார்கள். தாண்டக்கூடாது. ஒன்பது நாள். முதல் நாள் மத்தியானம் என் வகுப்புப் பெண்கள் அந்த வழியாகத்தான் போட்டி முடிந்து திரும்பினார்கள், பேசிக்கொண்டே. என் இடத்தில் ஓடியவள் இரண்டாவதாக வந்தாளாம். நான் ஓலைக்கு இந்தப் பக்கம் களியைத் தின்றுகொண்டிருந்தேன். உலக்கைக்கு அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்திருந்தாள், காவலுக்கு. ஷூவைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அதற்கப்புறம் பள்ளிக்கூடத்தில் நான் ஓடவேயில்லை.

முப்பத்தொரு வருஷம் கழித்து, இரண்டு நாடு சுற்றி, மெடல் வாங்கி, அதே களிக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

5

கிளம்புவதற்கு ஐந்து நாள் இருந்தபோது நிவி வீடியோவில் வந்தாள். என் பேச்சு அதற்குள் பழையபடி ஊர்ப் பேச்சாகிவிட்டது. "சாப்பாடு ஃப்ரிட்ஜில கீதா?" என்று கேட்டேன், விழுந்து விழுந்து சிரித்தாள். தன் அப்பாவுக்கு அந்தப் பேச்சு தெரியுமா என்று கேட்டாள். தெரியும், அவருக்கும் அதுதான், மறைத்து வைத்திருக்கிறார் என்றேன். பிறகு, "எப்ப வர்றே? இங்க எல்லாம் கலைஞ்சு கிடக்கு," என்றாள். நீ வேண்டும் என்று அவள் சொல்கிற விதம் அவ்வளவுதான். எனக்கு அது போதும். உடனே பையைச் சரிபார்க்க உட்கார்ந்தேன்.

பாஸ்போர்ட் இருந்தது. டிக்கெட் இருந்தது. அட்டை இல்லை.

துணிகளை உதறினேன். பெட்டியைக் கவிழ்த்தேன். ஒற்றைக் காலில் குதித்துப்போய் அரிசி டிரம்மைக்கூடப் பார்த்தேன். அட்டை இல்லாவிட்டால் இங்கே விமானத்தில் ஏற்றமாட்டார்கள். தில்லியில் உள்ள அயர்லாந்துத் தூதரகத்துக்கு எழுதித் தனி விசா வாங்கவேண்டும். அதற்கு அங்கே போலீசில் தொலைந்த புகார், இங்கே போலீசில் தொலைந்த புகார், வேலை இடத்திலிருந்து கடிதம். எத்தனை நாள் என்று கேட்டால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். அப்பா செத்தபோது உள்ளே இருந்து வெளியே வர முடியவில்லை. இப்போது வெளியே இருந்து உள்ளே போக முடியாது. பொறி ஒன்றுதான், கதவு மட்டும் மாறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"யம்மா, என் கார்ட பாத்தியா? பச்சையா, என் போட்டோ போட்டது."

"எது, அந்த ஊரு ரேஷன் கார்டா?" என்று கேட்டுவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் தேடினேன். அம்மாவும் கூடவே தேடினாள், ஆனால் அவள் தேடியது தேடுகிற மாதிரி இல்லை. நான் பார்த்துவிட்ட இடத்தையே திரும்பப் பார்ப்பாள். என் முகத்தைப் பார்க்கமாட்டாள். மழையோடு மழையாகக் குடையை எடுத்துக்கொண்டு உத்திரமேரூருக்குப் போய் வருவாள், கேட்டால் மாத்திரை வாங்க என்பாள். கையில் மாத்திரை இருக்காது. முதியோர் இல்லத்தில் ஒன்பது வருஷம் கிழவிகளோடு இருந்தவள் நான். எதையோ ஒளித்து வைத்திருக்கும் கிழவியின் நடை எனக்குத் தெரியும்.

6

மூன்றாம் நாள் சாயங்காலம் வெந்நீர்ச் சொம்போடு வந்தாள். நான் வெடித்துவிட்டேன்.

"நீ தானே எடுத்து வச்சிகினு கீற?"

சொம்பைக் கீழே வைத்தாள்.

"நான் போவக்கூடாதுன்னு தானே? வூட்டுக்குள்ள போட்டு ஜன்னல சாத்துற, வாசல்ல குறுக்க படுத்துக்குற. அன்னிக்கு உலக்கைய போட்டு உக்காந்துகினு இருந்தியே, அதே வேலை தானே இது? எனக்கு அங்க புள்ள கீதுமா."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"உனக்காவ ஒண்ணும் நான் ஓடல. எந்த வேண்டுதலும் இல்ல. எங்கியும் போவ முடியாம ஓடுனேன். போதுமா?"

"தெரியும்," என்றாள் அம்மா. "நீ பொய் சொன்னா எனக்குத் தெரியாதா? தெருவுல கேக்கறவங்களுக்கு இன்னான்னு சொல்றது, அதுக்கோசரம் வச்சிக்கினேன்."

முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஈரம் இல்லாத கையை.

"உலக்கை போட்டது உங்க மாமன். ஊரு வயக்கம், நான் இன்னா பண்றது? நடவு நேரம் அது, ஒம்போது நாளு வேலைக்கிப் போவல நானு. எதுக்குன்னு நெனச்ச, காவலுக்கா? ஓலைக் குடிசையில ஒண்டியா படுத்தா நீ பயந்துக்குவன்னு உக்காந்துகினு இருந்தேன். பாம்பு வர்ற காலம். நீ உள்ள அய்துகினே இருந்த. கேட்டுகினே உக்காந்திருந்தேன்."

முப்பத்தொரு வருஷம் அவளை அந்த உலக்கைக்குச் சொந்தக்காரியாகவே வைத்திருந்தேன். அந்தக் கணக்கு அங்கேயே இற்று விழுந்தது. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மழை பலமாக இருந்தது. நான் கூப்பிட்டேன். நின்றவள் திரும்பாமலே, "கார்டு எங்கிட்ட தான் கீது. கொண்டாறேன்," என்றாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து முழுக்க நனைந்து வந்தாள். ரவிக்கைக்குள்ளிருந்து பாலிதீன் பையை எடுத்து, பைக்குள்ளிருந்து இன்னொரு பையை எடுத்து, அதற்குள்ளிருந்து அட்டையை எடுத்தாள்.

லேமினேஷன் போட்டிருந்தது. கெட்டி பிளாஸ்டிக், நாலு பக்கமும் விரல் அகலத்துக்கு விளிம்பு. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்திருக்கிறாள். கொடுத்த அன்று கரண்ட் இல்லை, மறுநாள் மிஷின் ரிப்பேர், அதற்கப்புறம் மழைக்குக் கடை திறக்கவில்லை. நான் தேட ஆரம்பித்ததும் சொல்லப் பயந்துபோய், இன்றைக்கு வந்துவிடும் நாளைக்கு வந்துவிடும் என்று தினம் நடந்திருக்கிறாள். எழுபது வயது அம்மா என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். இன்றைக்குக் கடைக்காரர் வீட்டுக்கே போய், கூட்டிவந்து கடையைத் திறக்கவைத்துப் போட்டு வாங்கியிருக்கிறாள்.

"ஏம்மா?"

"பேப்பரு மாதிரி வச்சிகினு கீற. மய வேற. நனைஞ்சி கினைஞ்சி பூட்டா இன்னா பண்ணுவ?" என்றாள். பிறகு மெதுவாக, "உங்கப்பன் சாவுக்கு இந்தக் கார்டு சரியா இல்லாம தானே நீ வர்ல. எனக்காச்சும் வரணும் இல்ல," என்றாள். குறையாகச் சொல்லவில்லை, அரிசி வாங்கவேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

அந்த அட்டை நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. அதன் உள்ளே சில்லு இருக்கிறது, சூட்டில் வைத்தால்தான் கெடும். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்து எழுத்தெல்லாம் மறையும்படி ஒரு வெள்ளைத்தாள் வைத்து, அதையும் சேர்த்து ஒட்டியிருந்தது. கடைக்காரர் கையெழுத்தில், தமிழில்: இந்தக் கார்டு ஸ்டெல்லாவுடையது. தொலைந்து யார் கையில் கிடைத்தாலும் கீழ்க்கண்ட விலாசத்தில் சேர்க்கவும். ஆரோக்கியம், காலனி, திருப்புலிவனம், உத்திரமேரூர் வழி. அடியில் அவள் போன் நம்பர்.

சின்ன வயதில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போனால் இதே மாதிரி ஒரு சீட்டை என் கவுனில் ஊக்குப் போட்டுக் குத்திவிடுவாள். கூட்டத்தில் நான் அதைப் பிய்த்துப் போடுவேன்.

"நல்லா கீதும்மா," என்றேன். ஈரப்புடவையோடு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். செல்வி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, வேண்டுதல் முடித்த அழுகை என்று நினைத்துக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

7

சென்னையில் கவுண்டரில் இருந்த பெண் தமிழ்ப் பெண். பின்பக்கத்தைப் படித்தாள், என்னைப் பார்த்தாள், போர்டிங் பாஸைக் கொடுத்தாள். இந்தப் பக்கம் வந்து இறங்கியபோதுதான் வினை. என் வரிசை முடிந்து முறை வந்ததும் அதிகாரி அட்டையை மிஷினில் வைத்தார். படிக்கவில்லை. மறுபடி வைத்தார். திருப்பினார். புரியாத எழுத்து. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஓரத்து அறையில் உட்காரச் சொன்னார்.

ஜன்னல் இல்லாத அறை. நான்கு நாற்காலி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வெகு தூரத்தில், நிவியும் அவள் அப்பாவும் நிற்கிறார்களா என்று பார்த்தேன், தெரியவில்லை. பாதம் விண்விண்ணென்று தெறித்தது. திருப்புலிவனத்து உள் அறையாவது பரவாயில்லை, குறுக்கே அம்மா படுத்திருந்தாள் என்று தோன்றியது.

நாற்பது நிமிஷம் கழித்து அவர் வந்தார். அட்டையின் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டார்களாம், எல்லாம் சரி. ஆனால் அரசாங்க ஆவணத்தின் மேல் என்ன ஒட்டியிருக்கிறது, அதைச் சொல்லுங்கள் என்றார். ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அப்படியானால் இது இந்த ஊர்த் தெருவில் கிடைத்தால் நாங்கள் அந்த விலாசத்துக்கு அனுப்பவேண்டுமா?"

"ஆமாம்."

"யார் இருக்கிறார்கள் அங்கே?"

"என் அம்மா."

"தனியாகவா?"

ஒன்பது வருஷமாக இந்த நாட்டில் படிவம் நிரப்புகிறேன். கணவன் பெயர், பிள்ளை பெயர், முதலாளி பெயர், முன்பு இருந்த விலாசம் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வி எந்தப் படிவத்திலும் இருந்ததில்லை. "ஆமாம், தனியாகத்தான்," என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே உறைத்தது. அவர் அட்டையை என் கையில் கொடுத்தார். அடுத்த தடவை புதுப்பிக்கும்போது இதை எடுத்துவிடுங்கள் என்றார்.

8

அடுத்த மாதம் புதுப்பிக்கவேண்டும். பழையதை ஒப்படைத்துவிட வேண்டும். பிளாஸ்டிக்கை வெட்டிப் பின்பக்கத் தாளை மட்டும் எடுத்துத் தருகிறேன் என்று நிவி கத்தரிக்கோலோடு இரண்டு தடவை வந்தாள். அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.

நேற்று நகம் விழுந்ததை அம்மாவிடம் போனில் சொன்னேன். எலும்பு கூடிவிட்டது, மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டேன் என்றும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஓடு," என்றாள். "ஓடும்போது போனு எடுத்துகினு போறியா?"

"இல்லம்மா. ஒண்ணும் எடுத்துகினு போவமாட்டேன்."

அங்கே கோழி கத்துவது கேட்டது.

"அந்தக் கார்ட இடுப்புல கட்டிக்கினு ஓடு," என்றாள். "எங்கனா வியுந்து கெடந்தா, எங்கிட்ட கொண்டாந்து சேக்கணும் இல்ல."

இன்று ஞாயிறு. ஆற்றோரம் பத்து கிலோமீட்டர் ஓடினேன். செல்போனை வீட்டில் வைத்துவிட்டேன். அட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டேன். லேமினேஷனின் முனை கூர், ஒவ்வோர் அடிக்கும் விலாவில் குத்தியது. அவிழ்த்துவிடலாம் என்று இரண்டு தடவை நின்றேன். அவிழ்க்காமலே ஓடி முடித்து வீட்டுக்கு வந்தேன்.